ஆரம்பச் சூடு ஆறிய பிறகு மன அமைதிக்கு என்ன வழி?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. வயது 28. ஐஸ் பிளான்ட்டில் கணக்கு வேலை. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மூன்று நாள் முகாம் ஒன்றுக்குப் போய் வந்ததிலிருந்து காலை 4.30க்கு எழுவது, பச்சைத் தண்ணீர்க் குளியல், 45 நிமிடத் தியானம், நன்றி எழுதும் டைரி, தினம் இரண்டு தன்முன்னேற்ற வீடியோ என்று வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். முதல் இரண்டு மாதம் கால் தரையில் படவில்லை. மூன்றாம் மாதம் சலிப்பு தட்டியது. பணம் கட்டி ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்தார், அதன் சூடு மூன்று வாரத்தில் ஆறியது. இப்போது தியானத்தில் உட்கார்ந்தால் எரிச்சல், உட்காராவிட்டால் குற்ற உணர்ச்சி, வீட்டில் அப்பாவோடு சண்டை. "நிலையான அமைதி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லையா?" என்று முடித்திருக்கிறார்.

இருக்கிறது தம்பி. ஆனால் முதல் இரண்டு மாதம் நீங்கள் அனுபவித்தது அது இல்லை. அது மாற்றம் தந்த குதூகலம். அது வடிந்துபோனதை அமைதியே கைநழுவிப் போனதாக எடுத்துக்கொண்டதுதான் இப்போதைய பாதித் துயரம்.

அந்தக் குதூகலம் ஏன் வடிகிறது என்று தெரிந்துகொண்டால் உங்களையே குறை சொல்வதை நிறுத்திவிடுவீர்கள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள், எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால்தான் துள்ளும். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளை வைத்து இதைக் காட்டினார். எதிர்பாராமல் பழரசம் கிடைத்தபோது அந்த அணுக்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் ரசம் வரும் என்று குரங்கு பழகிய பிறகு, அதே ரசம் வந்தபோது அவற்றில் அசைவே இல்லை. ரசம் மாறவில்லை, ஆச்சரியம்தான் போய்விட்டது. 4.30க்கு எழுந்து பார்த்த முதல் விடியலுக்கும் அறுபதாவது விடியலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 1978இல் அமெரிக்காவில் லாட்டரியில் பெருந்தொகை விழுந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. அதோடு அன்றாடச் சின்னச் சந்தோஷங்களில் அவர்களுக்கு ருசியும் குறைந்திருந்தது. ஒரு பெரிய உச்சத்தைப் பார்த்த மனதுக்குச் சாதாரண நாள் சப்பென்றுதான் தெரியும். முகாமில் இருநூறு பேர் கண்ணீரோடு கைதட்டிய இடத்திலிருந்து ஐஸ் பிளான்ட் மேஜைக்குத் திரும்புகிறவருக்கும் அதேதான் நடக்கிறது.

இன்னொரு தவறான கணக்கும் உங்களைப் படுத்துகிறது. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பார்கள். 1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகளுக்கு மாறிய முகம் பழக ஏறக்குறைய மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதியதைத்தான் பிறகு இப்படித் திரித்துவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக ஓடத் தொடங்க எடுத்த காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை இருந்தது. நடுவாந்திரம் 66 நாள். அதுவும் ஒரே ஒரு எளிய பழக்கத்துக்கு. நீங்கள் ஐந்தை ஒன்றாகத் தூக்கினீர்கள். அவை வேரூன்றும் முன்பே உற்சாகம் தீர்ந்துவிட்டது. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலையவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, மருந்தளவைக் கூட்டுவது, அதாவது அடுத்த வகுப்பு, அடுத்த குரு. உச்சம் மறுபடி வரும், முன்னைவிடச் சீக்கிரம் வடியும். உங்கள் ஆன்லைன் வகுப்பு மூன்று வாரத்தில் ஆறியது அதனால்தான். இரண்டு, ஒரு நாள் தவறியதும் "போச்சு, இனி எதுக்கு" என்று மொத்தத்தையும் விட்டுவிடுவது. ஆனால் இரண்டையும்விட ஆழமாகக் கெடுப்பது மூன்றாவது ஒன்று. தியானம் முடிந்து எழும்போதே "இன்னைக்கு அமைதி வந்துச்சா?" என்று மார்க் போடுவது. ஐரிஸ் மாஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சிக்கு மிக அதிக மதிப்புக் கொடுக்கும்படி தூண்டப்பட்டவர்கள், நல்ல சூழலில்கூட மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். கிடைத்ததை எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டு ஏமாந்ததுதான் காரணம். உங்கள் மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்ப்பவர்கள் விதைப்பாசியைக் கயிற்றில் கட்டி மிதவையை இறக்கினால் அறுவடைக்கு 45 நாள் விடுகிறார்கள். இடையில் போய் ஒட்டிய அழுக்கைத் தட்டிவிடுவார்களே தவிர, தினம் தூக்கி எடை போடமாட்டார்கள்.

அப்படியானால் அமைதியை எதை வைத்து அறிவது? நான் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரே அளவு இதுதான்: கலங்கிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது. கலங்கவே கூடாது என்று இலக்கு வைத்தால் தோல்வி உறுதி. விடியலில் கடன்காரர் போன் செய்வார், படகு வரத் தாமதமாகும், அப்பா குரலை உயர்த்துவார். இவை எல்லோர் வீட்டிலும் நடக்கும். காலை 11 மணிச் சண்டையை இரவு 9 வரை சுமந்தவர், ஆறு மாதம் கழித்துப் பகல் 1 மணிக்கே இறக்கி வைத்தால் அவருக்கு அமைதி வளர்ந்திருக்கிறது என்று பொருள். அது வளரும்போது பரவசம் எதுவும் இருக்காது. அதனாலேயே பலர் வளர்ந்ததைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி செய்ய வேண்டியவை.

முதல் இரண்டு வாரம் கழித்தல் மட்டும். வீடியோ, தன்முன்னேற்ற வாட்ஸ்அப் குழுக்கள், குளிர்நீர்க் குளியல், தினசரி நன்றி டைரி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டைரி கெட்டது என்பதால் இல்லை. நன்றியை வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை என்று சோன்யா லூபோமிர்ஸ்கியின் ஆய்வு ஒன்று சொல்கிறது. தினம் எழுதினால் கடமைக்கு எழுதுவதாகிவிடுகிறது. பிடித்திருந்தால் ஞாயிறு மட்டும் எழுதுங்கள். இந்த இரண்டு வாரமும் வெறுமையாக இருக்கும், கை போனைத் தேடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: 12 நிமிடம் உட்காருவது. 45 நிமிடம் வேண்டாம். அதை எந்த மணிக்கு என்று வைக்காமல் எதற்குப் பிறகு என்று வையுங்கள். இந்தக் கரையில் கடிகாரத்தோடு கட்டிய பழக்கம் நிற்பது கடினம். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று போய் மறுநாள் கரை திரும்பும். அந்த நாட்களில் வீட்டின் தூக்கமே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், ஐஸ் பிளான்ட்டிலும் வேலை படுத்துவிடும், உங்கள் நேரமே மாறிப்போகும். குடிதண்ணீர் வரும் நேரத்தை நம்பி ஓடுகிற வீட்டுப் பெண்களுக்கு 5 மணி என்று விதித்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. "குடம் நிறைத்து வைத்த பிறகு", "ஃபஜ்ர் தொழுகை முடித்து அதே பாயில்", "காலை ஜெபம் முடிந்ததும்", "சாமி விளக்கு ஏற்றியதும்" என்று ஏற்கெனவே நடக்கிற ஒன்றின் வாலில் கட்டுங்கள். வழிபாட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிது. பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது.

இடம் வீட்டுக்குள் ஒரு மூலையாக இருக்கட்டும். கடற்கரையை நம்பாதீர்கள். அரியமான் கடற்கரைப் பக்கம் அலை அடங்கிய காலையில் உட்கார்ந்தால் மனம் தானாக அடங்கும், சந்தேகமில்லை. ஆனால் வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் அந்தக் கடலே கொந்தளிக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் மணல் முகத்தில் அறையும். காற்று மாறியதும் பழக்கமும் நின்றுபோகும். கடற்கரை ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.

உட்காரும் முறை: ஓலைப்பாயோ நாற்காலியோ எதுவானாலும் சரி. தரையில் என்றால் மடித்த போர்வையை இருக்கைக்கு அடியில் வையுங்கள். இடுப்பு முழங்காலைவிட நான்கு விரல் உயரமாக இருந்தால் கால் மரத்துப்போவதும் முதுகு கூனுவதும் குறையும். முதல் 3 நிமிடம், 5 எண்ணி மூச்சு உள்ளே, 5 எண்ணி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற இந்த வேகத்தில் இதயத்துடிப்பும் மூச்சும் ஒத்திசைந்து உடல் தளரும். ஆழமாக இழுக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத மூச்சாக இருந்தால் போதும். வேகமாகப் பெரிதாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதடும் விரல் நுனியும் மதமதக்கும், தலை சுற்றும். அதைச் சிலர் சக்தி ஏறுவதாக நினைத்துக்கொண்டு தொடர்கிறார்கள். அது வெறும் மிகை மூச்சுதான். மெதுவாக்கினால் ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

அடுத்த 9 நிமிடம் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே கவனம், மூக்கு நுனியோ அடிவயிறோ. நாலைந்து மூச்சுக்குள் மனம் எழுந்து போய்விடும். போனது தெரிந்ததும் மனதுக்குள் ஒரே சொல்லில் பெயர் வையுங்கள்: "கணக்கு", "அப்பா", "பசி", "பயம்". வைத்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். இந்தத் திரும்புதல்தான் பயிற்சி. முப்பது முறை போய் முப்பது முறை திரும்பிய நாளை வீணான நாள் என்று நினைக்காதீர்கள், அன்று முப்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது. வெளியே சண்டையிலிருந்து திரும்பும் நேரத்தைக் குறைப்பதும் இதே தசைதான். பெயர் வைப்பதற்கும் காரணம் உண்டு. உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது மூளையில் பயத்துக்கும் கோபத்துக்கும் எச்சரிக்கை மணி அடிக்கும் பகுதியின் வேகம் தணிவதை மாத்யூ லீபர்மன் குழு 2007இல் ஸ்கேனில் காட்டியது.

உட்காரும்போது வரும் சிக்கல்கள். தூக்கம் வந்தால் பெரும்பாலும் அது தூக்கக் கடன்தான். கண்ணைப் பாதி திறந்து வையுங்கள், இரவு அரை மணி நேரம் முன்னதாகப் படுங்கள். சாப்பிட்ட உடனே உட்காராதீர்கள். உடம்பு பரபரத்தால் வெளிமூச்சை மட்டும் 7 எண்ணும் வரை நீட்டுங்கள். மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு இறுகிப் படபடப்பு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் மூச்சை விட்டுவிட்டு உள்ளங்கால் தரையைத் தொடுவதையோ வெளியே கேட்கும் சத்தங்களையோ கவனிக்கலாம், பலன் குறையாது. பழைய கொடுமையான நினைவு எழுந்து ஆட்டினால் "கடந்து போகட்டும்" என்று பல்லைக் கடித்து உட்கார வேண்டாம். கண்ணைத் திறங்கள், எழுந்து முகம் கழுவுங்கள், யாரிடமாவது பேசுங்கள். அது மீண்டும் மீண்டும் வந்தால் தனியாகக் கையாளும் விஷயம் இல்லை, மனநல ஆலோசகரிடம் போக வேண்டியது.

தவறிய நாளைப் பற்றி ஒரே விதி: ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, அடுத்தடுத்து இரண்டு நாள் விடாதீர்கள். 12 நிமிடம் முடியாத நாளில் 2 நிமிடம். ஊர் திருவிழா, கல்யாணம், பிரயாணம் எல்லாவற்றிலும் 2 நிமிடம் கிடைக்கும். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் தொடங்காதீர்கள். "நான் இப்படிப்பட்டவன் ஆகப்போகிறேன்" என்று பிறர் அறியச் சொல்லி அவர்கள் தலையாட்டியதுமே, பாதி ஆகிவிட்ட நிறைவு வந்து உழைப்பு குறைகிறது என்று பீட்டர் கோல்விட்சர் குழுவின் 2009 ஆய்வு காட்டியது. ஸ்டேட்டஸில் தியானப் படம் போட வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

பாயில் நடப்பது ஒத்திகை. உண்மையான வேலை பகல் 12 மணிக்கு ஐஸ் பிளான்ட்டில் நடக்கிறது. படகு கிளம்பும் நாள். மூன்று வண்டி நிற்கிறது, ஒரு டிரைவர் "பத்து ஐஸ் பாருக்குக் காசு கட்டியாச்சு, எட்டுதான் ஏறியிருக்கு" என்று கத்துகிறார், கையில் பில் புத்தகம், போன் அடிக்கிறது, அப்பா. இந்த இடத்தில் "அமைதியாக இரு" என்று மனதுக்குக் கட்டளை போட்டால் வேலைக்கு ஆகாது. முன்கூட்டியே ஒரு வாக்கியம் கட்டி வைத்திருக்க வேண்டும். எப்போது என்பதும் என்ன செய்வேன் என்பதும் அதில் இருக்க வேண்டும்: "போனில் அப்பா பெயரைப் பார்த்தால், எடுக்கும் முன் ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுவேன்." அவ்வளவுதான். கடித்த பல்லை விடுங்கள், காதுக்கு ஏறிய தோளை இறக்குங்கள், பிறகு எடுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு வாக்கியம். மூன்று நான்கு வைத்தால் நெருக்கடியில் ஒன்றும் ஞாபகம் வராது. முதல் இரண்டு வாரம் சண்டை முடிந்த பிறகுதான் அந்த வாக்கியம் நினைவுக்கு வரும். அதுவும் முன்னேற்றம்தான். பிறகு நடுவில் நினைவு வரும், அப்புறம்தான் முன்னால் வரும்.

இதற்கு ஒரு குறிப்பு நோட்டு வையுங்கள். பெரிதாகக் கலங்கிய நாளில் மட்டும் ஒரு வரி:

செவ்வாய் – லோடு தகராறு – 11.00 முதல் இரவு 9 வரை.
வெள்ளி – அப்பா, வட்டிப் பேச்சு – 7.30 முதல் மறுநாள் காலை வரை.
புதன் – டிரைவர் கத்தல் – 12.10 முதல் 2 வரை.

உணர்வு, காரணம், பாடம் எதுவும் எழுத வேண்டாம். மாதக் கடைசியில் ஒரு முறை மட்டும் புரட்டுங்கள். கலங்கிய தடவைகள் குறையாமல் இருக்கலாம், நீளம் குறைகிறதா என்று பாருங்கள். மூன்று மாதமாகியும் குறையவில்லை என்றால் பயிற்சியில் கோளாறு தேடாதீர்கள். எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். அங்கே தீர்க்காத பிரச்சினை ஒன்று இருக்கிறது.

இதைத்தான் தன்முன்னேற்றப் பேச்சாளர்கள் சொல்வதே இல்லை. எல்லாக் கலக்கமும் மனதின் கோளாறு அல்ல. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், குழுக் கடனின் வாரத் தவணை, அக்கா நகை அடகு, இவை நெஞ்சை அழுத்தினால் மனம் சரியாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அவற்றைத் தியானத்தால் கரைக்கப் பார்ப்பது தப்பு. ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: யாருக்கு, எவ்வளவு அசல், என்ன வட்டி, எந்தத் தேதி. அப்பாவையும் உட்கார வைத்து நிரப்புங்கள். எழுதாத கடன் இரவு முழுக்கச் சுற்றும், எழுதிய கடனுக்கு ஒரு எல்லை தெரியும். அநேக வீடுகளில் அப்பனுக்கும் மகனுக்கும் நடக்கும் சண்டையின் அடியில் இந்தத் தாள் எழுதப்படாமல் கிடக்கிறது. கணக்கு வேலை தெரிந்த நீங்கள் அதைச் செய்யலாம், அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல். "ஏம்ப்பா இவ்வளவு வாங்கினீங்க" என்று தொடங்கினால் அன்றோடு முடிந்தது. "எனக்கும் தெரிஞ்சிருக்கட்டும்ப்பா, நாளைக்கு நான்தானே கட்டணும்" என்று தொடங்கிப் பாருங்கள்.

அதன் பிறகும் கவலை சுற்றினால் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். மாலை 6 முதல் 6.20 வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து, கவலைகளை எழுதி, செய்ய முடிந்ததற்கு எதிரே அடுத்த ஒரு செயல். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "ஆறு மணிக்கு" என்று ஒத்திப்போடுங்கள். 1983இலேயே தாமஸ் போர்க்கோவெக் குழு அரை மணி நேரம் ஒதுக்கும் முறையைச் சோதித்து, நாள் முழுக்கக் கவலைப்படும் நேரம் குறைவதைக் கண்டது. படுக்கையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அப்பா கடலில் இருக்கும்போது வரும் பயம் தனி ரகம். எல்லைத் தாண்டியதாகப் படகைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி பரவும் இரவில் கண்ணை மூடி உட்காராதீர்கள். மௌனத்தில் பயம் பெருகும். கை வேலை பாருங்கள், நாலு பேரோடு இருங்கள், அம்மாவைத் தனியாக விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு ஆடியோவையும் கேட்பதற்குப் பதிலாக, சங்கத் தலைவரையோ மீன்வளத்துறை அலுவலகத்தையோ மணிக்கு ஒரு முறை கேட்பது என்று வையுங்கள். அந்தப் பயம் போகாது, போக வேண்டியதும் இல்லை. அது பாசம்தான். கரை வந்து சேர்ந்த பிறகும் இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருப்பது மட்டும் குறையலாம்.

தூக்கக் கணக்கைப் பாருங்கள். 4.30க்கு எழுகிற நீங்கள் 11.30க்குப் படுத்தால் 5 மணி நேரம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். உங்கள் எரிச்சலில் ஒரு நல்ல பங்கு இதுவாக இருக்கலாம். துபாயில் இருக்கும் உறவினர் டியூட்டி முடித்து அங்கே 9 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 10.30. கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் பல வீடுகளின் தூக்கம் இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் போகிறது. போனை நிறுத்தச் சொல்லவில்லை. எழும் நேரத்தை 6 ஆக்குங்கள். அதிகாலை எழுவதில் தனிப் புண்ணியம் எதுவும் இல்லை. கடைசி டீ மாலை 4 மணிக்குள். காஃபின் பாதி குறையவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும்.

பேசாமல் விட்ட சண்டை, கேட்காத மன்னிப்பு ஒன்று மனதில் இருந்தால் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் சோதித்த முறையைச் செய்து பாருங்கள். தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், அந்த ஒரே விஷயத்தை நிறுத்தாமல் எழுதுவது, பிழை பார்க்காமல். எழுதிய உடனே மனம் கனக்கும். அது வழக்கம்தான், அதனால் இரவில் எழுத வேண்டாம். நான்காம் நாள் கிழித்துப் போட்டுவிடலாம். அதன் பிறகு அந்த ஆளிடம் பேச வேண்டியது இரண்டு வரியாகச் சுருங்கியிருக்கும்.

வாரத்தில் இரண்டு மணி நேரம் உங்களைப் பற்றி நினைக்க வாய்ப்பே இல்லாத ஒன்றில் இருங்கள். வலை பழுது பார்க்கும் பெரியவர்களோடு உட்காருவது, தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, வாலிபால். இத்தனை மாதமாக உங்கள் கண் உங்கள் மேலேயே இருந்திருக்கிறது. அதுவே ஒரு களைப்பு.

இன்னொரு முகாம் போகலாமா என்றால், ஆறு மாதம் இந்தச் சின்னப் பழக்கம் நின்ற பிறகு போங்கள். சேரும் முன் மூன்றைக் கவனியுங்கள். மனநோய் வரலாறு உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்கிறார்களா, முடிந்த பிறகு பணம் கட்டாமல் வீட்டில் தொடர முடியுமா, இல்லை "அடுத்த நிலை" என்று இழுக்கிறார்களா, மருந்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா. நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். முன்பு மனச்சிதைவோ இருதுருவ மனநோயோ வந்தவர்கள், நாள் முழுக்க மௌனமாக உட்காரும் முகாம்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

கடைசியாக, நீங்கள் சொன்ன சலிப்பு வெறும் உற்சாகக் குறைவு இல்லாமல் நோயாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடப்பது, பிடித்ததில்கூட நாட்டமின்மை, விடியும் முன் விழிப்புத் தட்டித் தூங்க முடியாமை, பசி மாற்றம், எதற்கும் தான்தான் காரணம் என்ற எண்ணம், இவற்றில் பல சேர்ந்து இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13க்கும் பெண்களுக்கு 12க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. எத்தனை தியானம் செய்தாலும் அந்தச் சோர்வு போகாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுக்கிறவர்களுக்கு பி12 குறையலாம். இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

மனநோயை மறைப்பதன் விலை இந்தக் கரைக்குத் தெரியும். மனநோய் தீர வேண்டி மக்கள் வரும் தர்கா உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அதன் பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. இன்று தர்காவுக்கு வருகிறவர்களுக்கு துஆ எனும் பிரார்த்தனையோடு மருந்தும் சேர்ந்தே கிடைக்க வழி இருக்கிறது. வேண்டுதலை விட வேண்டாம், மருந்தையும் விட வேண்டாம். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ பதற்றமோ வரலாம், பெரும்பாலும் தானாக அடங்கும். அடங்காவிட்டால் எழுதிய மருத்துவரிடமே போய்ச் சொல்லுங்கள். தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்தக் காலத்திலும் 12 நிமிடம் உட்காரலாம். கண்ணை மூட முடியாத நாளில் திறந்தபடியே, தெருவில் நடந்தபடியே செய்யலாம்.